பிளாஸ்டிக் குப்பையில் இருந்து கட்டுமானக் கல்: தீர்வா, தப்பிக்கும் வழியா?

புது தில்லி: வீடுகளில் சேரும் பிளாஸ்டிக் குப்பையில் எல்லாமே குப்பை அல்ல. தண்ணீர்ப் புட்டிக்கும் பால் பாக்கெட்டுக்கும் எடைக்கு விலை உண்டு. அவற்றைப் பொறுக்கி எடுத்துச் செல்ல ஆள் உண்டு; வாங்க கபாடிக் கடையும் உண்டு. ஆனால், பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பொட்டலம் போன்றவற்றை எவரும் தொடுவதில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்ட இந்த உறைகளைப் பிரிக்க ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் மதிப்பைவிட அதிகம். சாக்கடையை அடைப்பதும், மாட்டின் வயிற்றில் சேர்வதும், கிடங்கில் மலையாகக் குவிவதும் பெரும்பாலும் இவைதான்.

விலை போகாத இந்தப் பிளாஸ்டிக்கைச் செங்கல்லாகவும் நடைபாதைக் கல்லாகவும் மாற்றும் முயற்சிகள் நாட்டின் பல பகுதிகளில் நடந்து வருகின்றன. ஒரே நேரத்தில் குப்பையும் குறையும், கட்டுமானப் பொருளும் கிடைக்கும் என்பதால் உள்ளாட்சி அமைப்புகள் இதில் ஆர்வம் காட்டுகின்றன. ஆனால் இந்தக் கற்களின் தரத்துக்கு யார் பொறுப்பு, உறைகளைத் தயாரித்து விற்ற நிறுவனங்களின் கடமை இத்துடன் முடிந்துவிடுமா என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை வேண்டும்.

இரண்டு கணக்குகள்

முதல் சிக்கல், குப்பை எவ்வளவு என்பதிலேயே தொடங்குகிறது. 60 நகரங்களில் ஆய்வு நடத்திய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாடு முழுவதும் நாளொன்றுக்கு 25,940 டன் பிளாஸ்டிக் கழிவு சேர்வதாக மதிப்பிட்டது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 95 லட்சம் டன். ஆனால், மாநிலங்கள் அளித்த விவரங்களின் அடிப்படையில் அதே வாரியம் வெளியிட்ட ஆண்டறிக்கையின்படி, 2020-21 இல் சேர்ந்த கழிவு சுமார் 41 லட்சம் டன் மட்டுமே. இரண்டு எண்களுக்கும் இடையிலான வேறுபாடு பாதிக்கும் அதிகம். எவ்வளவு சேர்கிறது என்பதே உறுதியாகத் தெரியாத நிலையில், எவ்வளவு மறுசுழற்சி செய்யப்பட்டது என்ற புள்ளிவிவரத்தை எச்சரிக்கையுடனேயே அணுக வேண்டியுள்ளது.

சேகரிக்கப்படும் குப்பையின் கதி என்ன என்பதற்குத் தலைநகரே சாட்சி. 1984 இல் தொடங்கப்பட்ட காஜிப்பூர் குப்பைக் கிடங்கு 2002 ஆம் ஆண்டிலேயே நிரம்பிவிட்டது. அதன் பிறகும் அங்கே குப்பை கொட்டுவது நிற்கவில்லை. 2017 செப்டம்பர் 1 அன்று அந்தக் குப்பை மலையின் ஒரு பகுதி சரிந்ததில் இருவர் உயிரிழந்தனர்.

மதுரை காட்டிய வழி

பிளாஸ்டிக்கைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தும் முயற்சியில் தமிழகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், சூடேற்றிய ஜல்லியின் மீது பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவி, அதன் பிறகு தாரைக் கலந்து சாலை அமைக்கும் முறையை உருவாக்கினார். 2002 இல் கல்லூரி வளாகத்திலேயே அந்தச் சாலை போடப்பட்டது. ஒரு கிலோமீட்டர் ஒற்றைவழிச் சாலைக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் தேவைப்படும். இதற்கான நெறிமுறையை இந்திய சாலைகள் காங்கிரஸ் 2013 இல் வெளியிட்டது. அவருக்கு 2018 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

சாலையோடு அவர் நிற்கவில்லை. கல்லையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து 'பிளாஸ்டோன்' என்ற நடைபாதைக் கல்லையும் உருவாக்கினார். ஒரு கல்லுக்குச் சுமார் 300 பிளாஸ்டிக் பைகளும் 6 புட்டிகளும் செலவாகும் எனத் தெரிவிக்கப்பட்டது.

தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், பிளாஸ்டிக் கழிவில் இருந்து தரை ஓடுகள் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. குஜராத் மாநிலம் ஆனந்தில் உள்ள ரைனோ மெஷின்ஸ் நிறுவனம், வார்ப்பட ஆலைகளில் வீணாகும் மணல், தூசு 80 சதவீதமும் கலப்புப் பிளாஸ்டிக் 20 சதவீதமும் சேர்த்து 2020 இல் கட்டுமானக் கல்லை அறிமுகப்படுத்தியது. சாதாரணச் செங்கல்லைவிட அது இரண்டரை மடங்கு வலுவானது என்பது அந்நிறுவனத்தின் கூற்று.

இயந்திரமே தேவைப்படாத முறையும் உண்டு. காலிப் புட்டிக்குள் கழுவி உலர்த்திய உறைகளைக் குச்சியால் குத்தி இறுக்கமாக அடைத்தால் அதுவே செங்கல். ஒரு லிட்டர் புட்டி குறைந்தது 330 கிராம் எடை இருந்தால்தான் அது கட்டடத்துக்கு ஏற்றது எனக் கருதப்படுகிறது. சிமெண்டுக்குப் பதிலாக மண் கலவையில் பதித்தால், சுவரைப் பிரிக்கும்போது புட்டியைச் சேதமின்றி எடுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

வெயிலும் தீயும்

சுட்ட களிமண் செங்கல்லுக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் வரையறை வகுத்துள்ளது. குறைந்தபட்ச அமுக்கு வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன். பிளாஸ்டிக் கல் இந்த அளவை எளிதில் எட்டிவிடக்கூடும். ஆனால், வலிமை மட்டுமே அளவுகோல் அல்ல. களிமண் செங்கல் தீயில் பிறந்தது. பாலிஎதிலினோ 130 டிகிரி செல்சியசுக்குள் இளகி உருகும். கலவையில் பிவிசி சேர்ந்திருந்தால், எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்ற நச்சுகள் வெளியேறும். குடியிருப்புச் சுவருக்கு இது சிறிய குறை அல்ல.

வெயில் மற்றொரு சிக்கல். புற ஊதாக் கதிர் பட்டால் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும். நடைபாதையில் தேய்மானம் ஏற்படும்போது நுண்துகள்கள் மழைநீரோடு கலக்கும். எனவே, சுற்றுச்சுவர், பூங்கா இருக்கை போன்ற பணிகளில் தொடங்கி, தீ, வெப்பம், தேய்மானம் ஆகிய சோதனைகளில் தேறிய பிறகே குடியிருப்புகளுக்கு இந்தக் கற்களை அனுமதிப்பது பாதுகாப்பானது.

விதியில் ஒரு வாசல்

தொழில்நுட்பத்தைவிடச் சிக்கலானது சட்டம். 2016 இல் வெளியான பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுகளில் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்றன. கெடு முடியும் தறுவாயில், 2018 மார்ச் மாதம் விதி திருத்தப்பட்டது. எரிசக்தி பெற முடியாத, 'மாற்றுப் பயன்பாடு இல்லாத' உறைகள் என்ற சொற்கள் அதில் சேர்க்கப்பட்டன. எரிப்பதும்கூட எரிசக்திதான், கல்லாக மாற்றுவதும் மாற்றுப் பயன்பாடுதான். எனவே, கைவிட வேண்டிய உறை என்று ஒன்றைச் சுட்டுவதே கடினமாகிவிட்டது.

2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருமுறை பயன்பாட்டு பிளாஸ்டிக் தடையிலும் உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி, தெர்மோகோல் அலங்காரப் பொருள் ஆகியவை இடம் பெற்றன. சிப்ஸ் பாக்கெட்டும் ஷாம்பு பொட்டலமும் தப்பித்தன.

அதே ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகள், சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக் உறைகளுக்கு நிறுவனங்களே கணக்குக் காட்ட வேண்டும் எனப் பணித்தன. பல அடுக்கு உறைகளில் 2024-25 இல் 30 சதவீதத்தையும், 2027-28 முதல் 60 சதவீதத்தையும் மறுசுழற்சி செய்ய வேண்டும் என அவை இலக்கு நிர்ணயித்தன. மறுசுழற்சி செய்வோர் தரும் சான்றிதழை நிறுவனங்கள் விலைக்கு வாங்கிக் கொள்ளலாம். ஆனால், 2023 இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்திய தணிக்கையில் சுமார் 6 லட்சம் சான்றிதழ்கள் போலி எனத் தெரியவந்தது.

இந்த நெறிமுறைகள் சாலை அமைப்பதை மறுசுழற்சியாகக் கருதவில்லை. இறுதி அகற்றல் என்றே வகைப்படுத்துகின்றன. கட்டுமானக் கல் எந்த வகை என்பது அங்கே பெயர் சுட்டிச் சொல்லப்படவில்லை. மணலோடு கலந்து உருக்கிய பிளாஸ்டிக்கை மீண்டும் பிரித்தெடுப்பது அரிது. அதை மறுசுழற்சிக் கணக்கில் சேர்த்தால், உறையின் வடிவத்தை மாற்ற வேண்டிய அவசியமே நிறுவனங்களுக்கு இல்லாமல் போகும்.

கூலி யாருக்கு?

ஹிமாசலப் பிரதேச அரசு 2019 அக்டோபரில் ஒரு வழி காட்டியது. மறுசுழற்சிக்கு ஆகாத பிளாஸ்டிக்கைக் கிலோ 75 ரூபாய்க்கு வாங்கிக் கொள்வதாக அறிவித்தது. சத்தீஸ்கரில் உள்ள அம்பிகாபூர் மாநகராட்சி, ஒரு கிலோ பிளாஸ்டிக் கொண்டு வருவோருக்கு ஒரு வேளைச் சாப்பாடு தரும் உணவகத்தை அதே ஆண்டு திறந்தது. விலை கிடைத்தால் எந்த உறையையும் பொறுக்க ஆள் வருவார்கள் என்பதே இவற்றின் அடிப்படை.

அந்த விலையை யார் தருவது என்பதே கேள்வி. இப்போது பெரும்பாலும் தருவது மக்களின் வரிப்பணம். குப்பை பொறுக்குவோரை மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் 2024 இல் சேர்த்தது நல்ல தொடக்கம். உறையைத் தயாரித்து லாபம் ஈட்டும் நிறுவனங்கள், அதைத் தரம் பிரித்துக் கல்லாக்கும் வரையிலான செலவை ஏற்பதே அடுத்த கட்டமாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே குவிந்து கிடக்கும் உறைகளைக் கரைக்கக் கட்டுமானக் கல் உதவும். அதற்குத் தர நிர்ணயமும், உற்பத்தியாளர் பொறுப்பில் அதன் இடம் எது என்ற தெளிவும் அவசியம். இவை இரண்டும் இல்லாவிட்டால், இன்று கிடங்கில் இருக்கும் குப்பை நாளை சுவரில் இருக்கும், அவ்வளவே.