வலைத்தளமும் வியாபாரமும்

வியாபாரம் செய்வோர் பலரும் இன்று தமக்கென வலைத்தளம் ஒன்று வேண்டுமென்று கருதுகின்றனர். சிறு வர்த்தகரும் கடன்பட்டேனும் அதனை அமைத்துக்கொள்ள முற்படுகின்றார். கருத்து நன்றே. ஆயினும், அதன் வெற்றி எதைப் பொறுத்தது என்று ஆராயாமல் பணத்தைச் செலவிடுவது விவேகமாகாது. அலங்காரமே வாடிக்கைக்காரரை ஈர்க்குமென்னும் அபிப்பிராயம் பிழையானது. லண்டன் நகரில் நிகழ்ந்த ஒரு சம்பவமே அதற்குப் போதிய சான்றாகும்.

1999-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் பூ டாட் காம் என்னும் தளம் அங்கே திறக்கப்பட்டது. உயர்ந்த ரக ஆடைகளையும் விளையாட்டுக் காலணிகளையும் பல தேசத்தாருக்கும் விற்பது அதன் நோக்கம். சரக்கைச் சுழற்றிக் காட்டும் படங்கள் அதில் இருந்தன. யோசனை கூறச் சித்திரப் பெண்ணொருத்தியும் இருந்தாள். ஆனால் அக்காலத்தில் வீடுகளில் பெரும்பாலோர் தொலைபேசிக் கம்பி வழியாகவே இணையத்தை அடைந்தனர். அந்த மெதுவான இணைப்பில் இத்தகைய பாரமான பக்கங்கள் வந்துசேர நெடுநேரம் பிடித்தது. மாக்கின்டோஷ் கணினி வைத்திருந்தோருக்கு ஆரம்பத்தில் உள்ளே நுழையவே இயலவில்லை. ஏறக்குறைய 13.5 கோடி டாலர் மூலதனம் கரைந்தது. 2000-ம் வருஷம் மே மாதத்தில் கம்பெனி முறிந்தது. தளம் திறந்து ஏழு மாதமும் நிறையவில்லை. வரம்பற்ற செலவும் இதற்குக் காரணமே. எனினும் வாசற்படி ஏற முடியாத கடைக்கு வருமானம் எங்கிருந்து வரும்?

இதற்கு மாறானதொரு தளத்தையும் கவனிப்போம். அமெரிக்காவில் ஸியாட்டில் நகரில் 1995-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அமேஸான் புஸ்தக விற்பனையைத் தொடங்கிற்று. அதன் பக்கங்களில் எழுத்தே மிகுதி, ஆடம்பரமில்லை. வேண்டிய புஸ்தகத்தைத் தேடுவது எளிது. வாசகர் தம் அபிப்பிராயத்தை, அது பாதகமாயிருப்பினும், அங்கேயே எழுத இடந்தரப்பட்டது. தன் சரக்கின் குறையைத் தன் கடையிலேயே சொல்லவிடுவது பேதைமை என்று தோன்றலாம். ஆனால் குறையை மறைக்காத கடையில் சொல்லப்படும் புகழையே ஜனங்கள் நம்புவர். லாபம் உடனே வந்துவிடவில்லை. 2001-ம் வருஷக் கடைசிக் காலாண்டில்தான் முதன்முதலாக வந்தது.

ஆகவே, தளம் அமைப்போர் சில வினாக்களைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சாதாரணக் கைபேசியில் அது விரைவில் திறக்கின்றதா? விலை, அனுப்பும் கூலி, திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனை ஆகியவை பணம் செலுத்துமுன்பே தெளிவாகத் தெரிகின்றனவா? குறை நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? தமிழ் மக்களிடம் விற்போர் இவற்றைத் தமிழில் கூறியிருக்கின்றனரா? கடன் வாங்கிய வர்த்தகர் தம் பணத்தை முதலில் இவற்றுக்கே செலவிடுவாராக. அலங்காரம் பின்னர் வரட்டும்.