டைமிங் பெல்ட் மாற்றுதல்

டைமிங் பெல்ட் என்பது கார் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட்டையும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும், பற்கள் கொண்ட ரப்பர் பட்டை ஆகும். பெரிய அளவில் தயாரிக்கப்பட்ட கார்களில் இது முதலில் 1962-இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் இடம்பெற்றது. பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி பொருத்தப்பட்ட எஞ்சின்களும் உண்டு.

செயல்படும் முறை

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுழலும்போது கேம் ஷாஃப்ட் ஒரு முறை சுழல வேண்டும். அப்போதுதான் வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூடும். கேம் புல்லியில் 40 பற்கள் இருந்தால், பெல்ட் ஒரு பல் தவறினாலே கேம் ஷாஃப்ட் 9 பாகை விலகிவிடும். கிராங்க் ஷாஃப்ட்டின் கணக்கில் இது 18 பாகை.

பல எஞ்சின்களில் திறந்த வால்வு இறங்கும் இடத்துக்கே பிஸ்டனும் ஏறி வருகிறது. இவற்றில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும். எனவே தயாரிப்பாளர் குறிப்பிட்ட கிலோமீட்டர், ஆண்டு ஆகியவற்றுள் எது முதலில் வருகிறதோ அப்போதே பெல்ட்டை மாற்ற வேண்டும். ஆயிலோ கூலன்ட்டோ பட்ட பெல்ட்டை உடனே மாற்றுவது நல்லது.

கழற்றுதல்

முதலில் எஞ்சின் நன்றாக ஆற வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். எஞ்சின் மவுன்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் அதற்கு முன்பே எஞ்சினுக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும்.

வெளிப்புற பெல்ட்டுகளையும் மூடியையும் அகற்றிய பின், முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும் வகையில் கிராங்க் ஷாஃப்ட்டை ஸ்பேனரால் சுழற்ற வேண்டும். புல்லிகளில் உள்ள குறிகள் எஞ்சினில் உள்ள குறிகளோடு நேராக நிற்க வேண்டும். பெல்ட் கழன்ற பிறகு எந்த ஷாஃப்ட்டையும் தனியாகச் சுழற்றக் கூடாது.

பெல்ட்டோடு டென்ஷனரையும் உருளைகளையும் மாற்றுவது வழக்கம். டைமிங் பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப்பையும் அப்போதே மாற்றிவிட்டால் இதே வேலையை மறுபடி செய்ய நேராது. ஆயில் சீல் கசிந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பொருத்துதலும் இறுக்குதலும்

புதிய பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. கிராங்க் புல்லியில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் தொய்வின்றி இருக்கும்படி மாட்டிக்கொண்டு வர வேண்டும். தொய்வு முழுவதும் டென்ஷனர் உள்ள பக்கத்தில் சேர வேண்டும். பிறகு டென்ஷனரைத் தளர்த்தியோ திருப்பியோ, அந்த எஞ்சினுக்குரிய முறைப்படி இழுவிசை கொடுக்கப்படுகிறது. முள் உள்ள டென்ஷனரில் முள் உரிய வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும்.

பெல்ட் தளர்வாக இருந்தால் பல் தாவும். அளவுக்கு மீறி இறுகினால் ஊளைச் சத்தம் எழும். உருளைகளின் பேரிங்கும் வாட்டர் பம்ப் பேரிங்கும் விரைவில் தேயும்.

சரிபார்த்தல்

ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சின் இயல்பாகச் சுழலும் திசையில் கிராங்க் ஷாஃப்ட்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் மெதுவாகச் சுழற்ற வேண்டும். நடுவில் கெட்டியாகத் தடை ஏற்பட்டால் வலிந்து திருப்பக் கூடாது. வால்வில் பிஸ்டன் முட்டியிருக்கலாம். கையால் திருப்பும்போது தெரியும் இந்தத் தவறு, ஸ்டார்ட் செய்த பின் தெரிந்தால் வால்வுகளையே மாற்றும் செலவாகிவிடும்.

இரண்டு சுற்றுகளுக்குப் பின் புல்லிகளின் குறிகள் மறுபடி நேராக வர வேண்டும். பெல்ட்டின் மேல் அச்சிட்ட கோடுகள் நேராக வராமல் போவது இயல்பே; அவை பொருத்தும் நேரத்துக்கு மட்டும் உரியவை. இழுவிசையையும் மீண்டும் பார்த்த பின்னரே மூடியை மாட்ட வேண்டும்.

சில எஞ்சின்களின் புல்லிகளில் குறிகளே இருக்காது. ஷாஃப்ட்டுகளைப் பூட்டிவைக்கத் தனிக் கருவிகள் தேவைப்படும். அக்கருவிகளும் அந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேடும் கையில் இல்லாதவர்கள் இவ்வேலையைப் பணிமனையில் செய்துகொள்வதே பாதுகாப்பானது.