உங்களுக்குத் தெரியுமா?

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் மிகச் சிறிய குழந்தைகளுக்கென்றே ஒரு வேலை இருந்தது: கதவு திறப்பது. சுரங்கத்துக்குள் காற்று சரியான வழியில் ஓட, பாதைகளின் குறுக்கே மரக்கதவுகள் வைத்திருந்தார்கள். கரி வண்டி வரும்போது கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டும். போனதும் கதவை மூட வேண்டும். திறந்தே கிடந்தால் எரியக்கூடிய வாயு தேங்கி வெடிக்கக்கூடும். சுரங்கத்துக்குள் இருந்த அத்தனை பேரின் உயிரையும் காக்கும் பொறுப்பை ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளிடம் விட்டிருந்தார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம், பெரும்பாலும் விளக்கே இல்லாமல். வெளிச்சம் இருந்தால் பாடுவேன், இருட்டில் பாடத் துணிவு வராது என்று எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அரசு விசாரணையில் சொல்லியிருக்கிறாள்.

சற்றே வளர்ந்த பிள்ளைகள், சிறுமிகளும்கூட, இடுப்பில் வாரும் சங்கிலியும் பூட்டி, தவழ்ந்தபடி கரி வண்டி இழுத்தார்கள்.

1838 ஜூலை 4 அன்று யார்க்‌ஷயரின் ஹஸ்கர் சுரங்கத்தில், புயல்மழையால் பெருகிய ஓடை உள்ளே பாய்ந்தது. சாய்வான பாதை வழியாக வெளியேற முயன்ற 26 குழந்தைகள், அத்தகைய ஒரு காற்றுக்கதவில் வெள்ளம் மோதி அழுத்த, அங்கேயே மூழ்கி இறந்தார்கள்.

அந்தச் சிறுமி சாட்சி சொன்ன அரசு விசாரணையின் அறிக்கை 1842-இல் வெளியானபோது, அதிலிருந்த படங்கள் நாட்டையே உலுக்கின. அதே ஆண்டு வந்த சட்டம், பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யத் தடை விதித்தது. மசோதாவைக் கொண்டுவந்த ஆஷ்லி பிரபு கேட்டதோ பதின்மூன்று வயது வரம்பு. அதைக் குறைத்துவிட்டார்கள். பத்து வயதுச் சிறுவன் தொடர்ந்து சுரங்கத்துக்குள் இறங்கினான்.