இளவேனிலுக்கு என்ன துணி எடுக்கலாம்?

மாசி பிறந்துவிட்டால் ஸ்ரீவராகத்தில் நம்மவர் வீடுகளில் துணி எடுக்கும் பேச்சு தொடங்கிவிடும். ஆற்றுகால் பொங்காலை, காரடையான் நோன்பு, பத்மநாப சுவாமி கோயில் பங்குனி உற்சவம், சித்திரையில் விஷு என்று இரண்டு மாதங்களுக்குள் இத்தனை விசேஷங்கள். கடைக்குப் போனால் முதலில் நிறத்தைப் பார்க்கிறோம், பிறகு விலையைப் பார்க்கிறோம். இந்த ஊரின் காற்றுக்கு அந்தத் துணி ஒத்துவருமா என்பதைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

மதுரையிலும் திருச்சியிலும் வளர்ந்தவர்களுக்கு இங்குள்ள வெயில் முதலில் ஒன்றுமில்லை என்று தோன்றும். அங்கே 38 டிகிரி அடிக்கும் நாளில் இங்கே 33 டிகிரிதான் இருக்கும். ஆனால் அங்கே வியர்வை உடனே காய்ந்துவிடும். இங்கே கடற்காற்றின் ஈரத்தில் காயாது, முதுகிலேயே தங்கிவிடும். எனவே ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் துணிதான் இங்கே நல்ல துணி. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. வித்தியாசம் அவ்வளவு பெரியது.

ரேயான் பருத்தியைவிட அதிகமாகவே ஈரம் இழுக்கும். தொட்டால் வழவழப்பாக, அழகாக விழும். ஆனால் நனைந்தால் பலம் குறைந்துவிடும். தினமும் துவைத்துப் பிழியும் வீட்டு உடைக்கு அது உதவாது. லினன் அருமையான துணி. விலையும் சுருக்கமும் பொறுத்துக்கொள்பவர்கள் வாங்கலாம்.

'காட்டன்' என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் போதாது. துணியின் ஓரத்தில் ஒரு நூலை உருவி, வீட்டில் தீக்குச்சியில் பிடித்துப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கருத்த மணிபோல இறுகும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலோடு அந்த இறுகலும் தென்படும். குழந்தைகளின் ரெடிமேட் ஃப்ராக்கில் இன்னொரு சூது உண்டு: மேலே பருத்தி, உள்ளே லைனிங் பாலியஸ்டர். உடம்பில் படுவது உள் துணிதானே! உள்ளே திருப்பிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

நல்ல துணிக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் எத்தனையோ முறை பாலராமபுரத்தைக் கடந்திருப்போம். ஸ்ரீவராகத்திலிருந்து 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில், அரண்மனைக்குத் துணி நெய்வதற்காகத் தமிழகத்துச் சாலியர் குடும்பங்களை அங்கே குடியமர்த்தினார்கள். மகாராஜாவின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. நமக்கு முன்னாலேயே பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்த தமிழர்கள் அவர்கள். அவர்கள் நெய்த முண்டும் நேரியதும் இன்று கேரளத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்தத் துணியின் குணம் அதன் வேலையில் இருக்கிறது. குழித்தறியில் நாடாவைக் கையால் எறிந்து நெய்வார்கள். நூலுக்குப் போடும் கஞ்சி அரிசிக் கஞ்சி. அதிகாலையில் தெருவில் பாவை நீளமாக விரித்து, கஞ்சி தோய்த்து, தூரிகையால் நீவி உலர்த்துவார்கள். இரண்டு மூன்று முறை அலசினால் கஞ்சி போய், துணி மெத்தென்று ஆகிவிடும். தறிகள் வெகுவாகக் குறைந்துவிட்ட இந்நாளில் விசைத்தறித் துணியும் அதே பெயரில் விற்கிறது. 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அல்லது ஹான்டெக்ஸ் போன்ற கூட்டுறவு விற்பனை நிலையத்தில் வாங்குங்கள்.

நூலின் நம்பரைக் கேட்பதும் நல்லது. நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது. 100 நம்பர் நூலில் நெய்த துணி காற்றோட்டமானது, ஆனால் உள்ளே தெரியும். முண்டுக்கும் புடவைக்கும் சரி. சிறுமிகளின் பாவாடைக்கும் சுடிதாருக்கும் 60 நம்பர் அளவில் எடுத்தால் உள்பாவாடைத் தொல்லை குறையும். கசவுக்கரை வைத்ததைக் குழந்தைகளின் கழுத்தோரம் வைத்துத் தைக்காதீர்கள், உறுத்தும். கரை பாவாடையின் அடியில் இருப்பதுதான் அழகும்கூட.

பொங்காலை நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணகியாகவே நம்மவர் வணங்கும் அம்மன் அவள். அடுப்புகள் ஆற்றுகாலைத் தாண்டி நம் தெருக்களிலும் செங்கல் செங்கலாக வரிசை கட்டும். 2009-ல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டது கின்னஸ் பதிவில் ஏறியது. முன்னால் ஓர் அடுப்பு, பின்னால் ஓர் அடுப்பு, நடுவில் நாம். அன்றைக்கு ஜார்ஜெட், நைலக்ஸ், ஷிஃபான் எதுவும் வேண்டவே வேண்டாம். பருத்தியும் தீப்பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் செயற்கை இழை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்கிறது, காயம் ஆழமாகிறது. கொஞ்சம் கனமான பருத்திப் புடவையாகக் கட்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சுடிதார் அணியும் பெண்கள் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம், அல்லது இடுப்பில் இறுகக் கட்டலாம்.

ஒன்பது கஜம் கட்டும் மாமிகளுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. மதுரைச் சுங்குடியை விட்டு அவர்கள் மாறப்போவதில்லை, மாறவும் வேண்டாம். அந்தச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கருஞ்சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் முதல் அலசலில் சாயம் விடலாம். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு முறை தனியாக நனையுங்கள். வேர்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் மறுநாளே கரும்புள்ளி விழும். 'கரிம்பன்' என்று இங்கே சொல்வது அதைத்தான். விழுந்தால் லேசில் போகாது. உடனே துவைக்க முடியாவிட்டால் கொடியில் விரித்தாவது போடுங்கள்.

விஷுவுக்குத் தைப்பவர்கள், துணியைத் தையற்காரரிடம் கொடுப்பதற்கு முந்தின இரவே தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்திவிடுங்கள். சுருங்குவதெல்லாம் தைப்பதற்கு முன்பே சுருங்கிவிடும். லைனிங்குக்கும் இதே கதிதான். வளரும் பெண்ணுக்குப் பாவாடை தைக்கும்போது அடியில் இரண்டு டக் பிடிக்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் மூன்றாவது விஷுவுக்கும் அதே பாவாடை வரும்.