உங்களுக்குத் தெரியுமா? கோடையில் காவிரிப் பறவைகள்

மே மாதத்தில் பறவை பார்க்கப் போகலாம் என்றால் திருச்சி தில்லை நகரில் உடனே வரும் பதில்: "வெயில் கொளுத்துது, ஆத்துல தண்ணியும் இல்ல. என்ன இருக்கப்போகுது?" ஆறு வற்றிய இந்தக் கோடை மாதங்களில்தான் மணலில் முட்டைகளும் குஞ்சுகளும் இருக்கின்றன. பறவைகளை நன்கு அறிந்த ஒருவரின் துணையோடு விடியலில் கிளம்பினால் காவிரிக்கரை, முக்கொம்பு, புளியஞ்சோலை, மாலையில் ஸ்ரீரங்கம் என்று ஒரே நாளில் சுற்றிவிடலாம். கிளம்பும் முன் சில செய்திகள்.

★ விடிவதற்கு முன்பே குறுக்குத்தெரு மரங்களில் கூவிக் கூவி எழுப்புவது ஆண்குயில். கருநிறம், சிவந்த கண். பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இலைகளுக்குள் மறைந்திருக்கும். காகம் கூடு கட்டும் பருவமும் குயில் கூவும் பருவமும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. குயிலின் முட்டைக்கு அந்தக் கூடு வேண்டும்.

★ தோட்டங்களில் ஏழெட்டாகக் கூடித் தத்திக் கொண்டு ஓயாமல் சத்தமிடும் தவிட்டுக்குருவி, உலகிலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. அதன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போவது சுடலைக்குயில். இந்தக் குயிலில் ஒரு பிரிவு பருவமழைக்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வட இந்தியாவுக்கு வருகிறது. நம் பக்கத்துச் சுடலைக்குயில் ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும்.

★ தில்லை நகரை ஒட்டிய உறையூரில், பஞ்சவர்ணேசுவரர் கோயிலில், யானையை எதிர்த்து நிற்கும் கோழியின் சிற்பம் உண்டு. கோழி யானையை விரட்டிய மண் என்பதால் சோழன் இங்கே தலைநகர் அமைத்தான் என்பது கதை. கோழியைப் பற்றி அறிவியல் சொல்லும் கதையிலும் நம் ஊர்க் காடுகளுக்குப் பங்கு உண்டு. வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு, இந்தியத் தீபகற்பத்தில் மட்டுமே வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. புளியஞ்சோலைக் காட்டில் காலையில் விட்டுவிட்டுக் கேட்கும் கரகரத்த கூவல் அந்தக் கோழியினுடையதுதான்.

★ இப்போது மணலுக்கு வருவோம். தண்ணீர் குறைந்ததும் ஆற்றுக்குள் தெரியும் திட்டுகளில் பட்டாணி உப்புக்கொத்தியும் ஆள்காட்டியும் முட்டையிடுகின்றன. கூடு என்று எதுவும் கிடையாது. மணலில் ஒரு சிறு குழி, சுற்றிலும் சில கூழாங்கற்கள், பெரும்பாலும் நான்கு முட்டைகள். மணல் நிறமும் புள்ளிகளும் அப்படியே முட்டை ஓட்டில் இருப்பதால் காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது. குஞ்சு பொரிந்த சில மணி நேரத்தில் ஓடத் தொடங்கிவிடும். ஆபத்து நெருங்கினால் தாய்ப்பறவை இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு நம்மை வேறு பக்கம் கூட்டிப் போகும். அப்படி ஒரு பறவையைக் கண்டால் படம் எடுக்கப் பின்தொடர வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்துக்கு அருகில்தான் குஞ்சுகள் இருக்கின்றன, வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

★ கோடையில் ஆள்காட்டி அடைகாப்பது சூடு கொடுப்பதற்கு மட்டுமில்லை, நண்பகலில் நிழல் கொடுப்பதற்கும்தான். குட்டைக்குப் போய் வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைமேல் அமர்ந்து குளிர்விக்கும். மனிதர்கள் அருகில் நின்றுகொண்டே இருந்தால் அது தலைக்குமேல் கத்திக்கொண்டு சுற்றும், முட்டை வெயிலில் வெந்துபோகும். நல்ல வழிகாட்டி கரையிலிருந்தே பைனாகுலரில் காட்டுவார், ஐந்து நிமிடத்தில் நகரச் சொல்வார். சொன்னால் கேளுங்கள்.

★ மஞ்சள் அலகு, கரும்தொப்பி, கவட்டை வால். இதுதான் ஆற்று ஆலா. மார்ச் முதல் மே வரை ஆற்றுத் திட்டுகளில் கூட்டமாக முட்டையிடும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது அழியும் வாய்ப்புள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது. மணல் அள்ளுதல், தெருநாய்கள், திட்டை மூழ்கடிக்கும் திடீர் நீர்த்திறப்பு என்று அதன் எதிரிகளில் பல நம்மால் வந்தவை. மணலில் பைக் ஓட்டுவதை விளையாட்டாக நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

★ காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியது 1836இல். மதகுகளுக்குக் கீழே கோடையிலும் தேங்கி நிற்கும் நீரில் மீன் நெருக்கமாக இருப்பதால் பறவைகளும் நெருங்கி நிற்கும். அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாய்வது கருப்பு வெள்ளை மீன்கொத்தி. பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். வெண்மையான உண்ணிக்கொக்கின் தலையிலும் மார்பிலும் ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தால் அது இனப்பெருக்கக் கோலம்.

★ மண்ணச்சநல்லூர், துறையூர் வழியாகப் போகையில் பனைகளைக் கவனியுங்கள். பனை உழவாரன் தன் எச்சிலால் கூட்டைப் பனையோலையின் அடிப்பக்கம் ஒட்டிவைக்கிறது. பனை விழுந்தால் அதன் வீடும் போயிற்று.

★ கொல்லிமலையின் அடிவாரத்தில் ஐயாறு இறங்கிவரும் பள்ளத்தாக்கு புளியஞ்சோலை. பாறை ஓடையோரம் பள்ளிக்கூடப் பையன் சீட்டியடிப்பதுபோல் கேட்டால் திரும்பிப் பார்க்க வேண்டாம், மேலே பாருங்கள்: நீலக்கருமையில் சீகாரப் பூங்குயில் இருக்கலாம். தரையில் விதை பொறுக்கும் பச்சை இறகுப் புறா, நம் மாநிலப் பறவையான மரகதப்புறா. விடுமுறை நாட்களில் இங்கே கூட்டம் அதிகம், ஓடையில் ஆட்கள் இறங்குவதற்கு முன் போய்ச் சேர்வது நல்லது.

★ குளிர்காலத்தில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியில் பார்த்த வரித்தலை வாத்துகள் இப்போது மங்கோலிய, திபெத்திய ஏரிகளில் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். கரைவெட்டி 2024இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

★ ஸ்ரீரங்கத்தில் மாலை வெளிச்சம் போகும்வரை அம்மா மண்டபப் படித்துறையில் உட்காரலாம். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலுமாக ஆற்றின்மேல் வட்டமிடுவது கருடன். குடமுழுக்கு நேரத்தில் கோபுரத்துக்கு மேலே கருடன் வருகிறதா என்று ஆயிரம் கண்கள் தேடும். மற்ற நாட்களில் அது தேடுவது மீனையும் நண்டையும். ஆறு மீன் வளத்தோடு இருந்தால்தான் வானில் கருடனும் இருக்கும்.

★ பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கிறது. அந்தக் கணக்கெடுப்பு பதிவாகும் ஈபேர்டு செயலியிலேயே கோடைப் பட்டியலையும் பதிவு செய்யலாம். எந்தத் திட்டில் எந்த மாதம் குஞ்சு இருந்தது என்ற குறிப்பு, பின்னால் அந்தத் திட்டைக் காக்க வாதாடுபவருக்கு உதவும். ஆனால் கூடு இருக்கும் சரியான இடத்தைப் பொதுவில் போட வேண்டாம்.

★ மேட்டூரில் போதிய நீர் இருந்தால் குறுவை நெல் சாகுபடிக்காக ஜூன் 12 அன்று அணை திறப்பார்கள். இரண்டு மூன்று நாளில் நீர் முக்கொம்பை எட்டிவிடும், திட்டுகள் மூழ்கத் தொடங்கும். ஆகவே நாள் குறிப்பதானால் ஏப்ரல் கடைசியோ மே மாதமோ குறியுங்கள். காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள். தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பழுப்பு அல்லது பச்சைச் சட்டை போதும்.