ஓட்டு ஊர்ப் பொதுச் சொத்து இல்லை

திருச்சுழிப் பக்கம் ஒரு டீக்கடையில் பேச்சு உள்ளாட்சித் தேர்தலுக்குத் திரும்பியபோது, தம்பி ஒருவர் கேட்டார்: "தலைவர் பதவிய ஏலம் விட்டா என்ன தப்பு அண்ணாச்சி? ஆளாளுக்குச் செலவழிச்சு அழியிற காசு கோயிலுக்காச்சும் வருதுல்ல?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அதனால்தான் இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

வானம் பார்த்த நம் பூமியில் ஏலம் பழகிப்போன விஷயம். கண்மாய் வற்றும்போது மீனை ஏலம் விடுகிறோம். கரையில் நிற்கும் கருவேல மரத்தை ஏலம் விடுகிறோம். எடுத்தவர் வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்கிறார். பணம் பொதுக் காரியத்துக்குப் போகிறது, யாருக்கும் குறையில்லை. பதவியையும் அதே கணக்கில் சேர்ப்பதில்தான் கோளாறு. மீன் ஊருக்குப் பொது, அதை விற்க ஊருக்கு உரிமை உண்டு. ஓட்டு ஊருக்குச் சொந்தமில்லை. ஆளுக்கு ஒன்று, அவரவருடையது. தன்னுடையது அல்லாததை ஊர் எப்படி விற்கும்?

ஏலக் கூட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்றும் பாருங்கள். பெண்கள் வருவதில்லை. கூலிக்குப் போகிறவர் ஓரமாக நிற்பார், வாய் திறக்க மாட்டார். லட்சங்களில் ஏலம் எடுத்தவர் அந்தப் பணத்தை எங்கே தேடுவார்? நம் தெருச் சாலையிலும் குடிதண்ணீர்க் குழாயிலும்தான். ஒருவரைப் போட்டியிடாமல் இருக்கப் பணத்தால் வசப்படுத்துவது சட்டப்படி லஞ்சம், ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கோயிலுக்குக் கொடுத்தேன் என்றால் குற்றம் கழுவப்பட்டுவிடாது.

"ஊர் ஒத்துமையா எடுத்த முடிவு" என்பார்கள். அந்த ஒற்றுமை என்ன செய்யும் என்பதை நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலே காட்டியது. 1996 உள்ளாட்சித் தேர்தலில் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் இதே நிலை. ஆதிக்க சாதியினர் ஏற்கவில்லை. வேட்புமனு போட ஆளில்லாததும், ஜெயித்தவர் கையோடு ராஜினாமா செய்வதுமாகப் பத்து ஆண்டுகள் கழிந்தன. மனுப் போடாதவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். பிழைப்புக்கு யாருடைய நிலத்தில் இறங்க வேண்டுமோ, அவரை எதிர்த்தல்லவா கையெழுத்துப் போட வேண்டும்! இதேபோல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியில், 1997 ஜூன் 30 அன்று தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டிக் கொன்றதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது, ஜெயித்தவர்கள் பதவியில் நீடித்தார்கள். அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள், அரசும் உறுதியாக நின்றது. அதற்கு முந்தைய பத்தாண்டும் சட்டம் இதேதான். மாறியது நிறைவேற்றுகிறவர்களின் மனசு. சட்டத்தில் சமம், ஊர் வாழ்க்கையில் சமமில்லை என்ற இந்த முரணைத்தான் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று எச்சரித்தார்: அரசியலில் எல்லோருக்கும் ஒரே மதிப்பு, வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வு என்று இரண்டும் நெடுநாள் சேர்ந்து ஓடாது.

வாக்குச்சாவடியை நினைத்துப் பாருங்கள். கிராமத்தில் இன்னும் சீட்டுதான்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். அட்டை மறைப்புக்குப் பின்னால் ஸ்வஸ்திக் முத்திரையைக் குத்தி, மை மறுபக்கம் ஒட்டாமல் மடித்துப் பெட்டியில் போட வேண்டும். நாட்டாமையும் முதலாளியும் வீட்டுக்காரரும் எட்டிப் பார்க்க முடியாத இடம் அது. மனசாட்சிக்கென்று சட்டம் கட்டிக் கொடுத்த இடம் என்றே நான் நினைக்கிறேன். ஏலம் விட்ட ஊரில் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டே கைக்கு வராது. ஒருவர் மட்டும் மனுப் போட்டால் போட்டியின்றித் தேர்வு என்று அறிவித்துவிடுவார்கள்.

2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் நம் மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது. தேர்தல் எப்போது வந்தாலும் தம்பி, ஏலப் பேச்சு எடுக்கும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "எனக்குச் சம்மதமில்லை" என்று சொல்லுங்கள். கூட்டத்தில் சொல்ல முடியாத நிலை என்றால் ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். அவர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர்.