சிவகாசி போர் தண்ணியும் வயிற்றுப் பிள்ளையும்

கர்ப்ப காலத்தில் அதிகமாக மது குடித்தால் பிறக்கும் குழந்தைக்குத் தொற்றுகள் சுலபமாக வரும், நோய் எதிர்ப்பு சக்தியில் அந்தத் தடுமாற்றம் பின்னாளிலும் தொடரலாம் என்கிற ஆய்வுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் பெண்களில் பெரும்பாலோர் மதுவைத் தொடாதவர்கள். ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியாதே. ஆகவே இந்தக் குறிப்பு அந்தத் தண்ணீரைப் பற்றியது.

2013-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. சிவகாசி, மதுரை இரண்டு இடத்திலும் நிலத்தடி நீரை எடுத்து அதில் பெர்குளோரேட் எவ்வளவு என்று அளந்தார்கள். வாணங்கள் எரிய ஆக்சிஜன் தரும் உப்பு அது. தண்ணீரில் உடனே கரையும், சுலபத்தில் சிதையாது. அமெரிக்கா அப்போது குடிநீருக்குச் சொல்லியிருந்த அளவு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 மாதிரிகளில் 17 அதைத் தாண்டின. மதுரையில் ஒன்றுகூட இல்லை. அதிகபட்சம் 7,690. அதாவது ஐந்நூறு மடங்குக்கு மேல்! உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சொன்ன 70 என்கிற தாராளமான கணக்கை வைத்தாலும் அது நூறு மடங்கைத் தாண்டுகிறது.

சரி, இது உடம்புக்குள் போய் என்ன செய்யும்? தைராய்டு செல்லின் வாசலில் அயோடினை உள்ளே இழுத்துவிடும் ஒரு புரதம் இருக்கிறது. பெர்குளோரேட் அளவிலும் மின்னேற்றத்திலும் அயோடைடு மாதிரியே இருப்பதால், அந்தப் புரதம் ஏமாந்து இதைப் பிடித்துக்கொள்ளும். அயோடின் வெளியிலேயே நிற்கும். (ஒரு காலத்தில் தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு இதையே மருந்தாகக் கொடுத்தார்கள்.) பெரியவர்கள் ஓரளவு சமாளித்துவிடுவார்கள், சிறுநீரில் சில மணி நேரத்தில் வெளியேறியும் விடும். ஆனால் தினமும் அதே தண்ணீரைக் குடித்தால் வெளியேறியது திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

கரு வேறு கதை. முதல் மூன்று மாதம் அதற்குச் சொந்தத் தைராய்டு சுரப்பு கிடையாது. மூளை வளரத் தேவையான ஹார்மோன் முழுக்க அம்மாவிடமிருந்துதான் வர வேண்டும். நஞ்சுக்கொடியிலும் பால் சுரக்கும் மார்பகத்திலும் அதே புரதம்தான் அயோடினைக் கடத்துகிறது என்பதால் பிறந்த பிறகும் பிரச்சினை தீர்வதில்லை.

கார்டிஃப், டூரின் நகரங்களில் தைராய்டு குறைவாக இருந்த தாய்மாரையும் அவர்கள் பிள்ளைகளையும் பின்தொடர்ந்த ஆய்வு 2014-இல் வந்தது. உடம்பில் பெர்குளோரேட் மிக அதிகமாக இருந்த பத்து சதவீதத் தாய்மாரின் பிள்ளைகள், மூன்று வயதில் அறிவுத்திறன் சோதனையில் கடைசி வரிசையில் நிற்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. தைராக்சின் மாத்திரை கொடுத்தும் அது மாறவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்: அந்த ஊர்களில் பட்டாசு ஆலை வரிசை எதுவும் கிடையாது.

சிவகாசி ஆய்வு தண்ணீரை மட்டும்தான் அளந்தது, மனிதர்களை அல்ல. அதையும் செய்ய வேண்டும் என்று கட்டுரையே சொல்கிறது. அதே ஆய்வில் எடுத்த மூன்று குழாய் நீர் மாதிரிகளிலும் அளவு 0.4-க்குக் கீழேதான். ஆக, மாசமாக இருக்கும் பெண் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணியை விட்டுவிட்டு, குழாய்த் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ எடுப்பது நல்லது. காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அயோடின் உப்பைத் தவறவிடக் கூடாது. முதல் மாதங்களிலேயே டி.எஸ்.எச். பார்த்துவிடலாம்.

தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பவர்கள் பெர்குளோரேட்டைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 பட்டியலில் அது இல்லை. 'குடிக்க உகந்தது' என்று வரும் அறிக்கை அதைத் தேடிப் பார்த்திருக்காது.